தபால்தலையில் ஒரு தலைமுறை: ஸ்லோவாக் மொழியை எழுத்தில் நிறுத்தியவர்கள்

ஸ்லோவாக்கியாவின் தபால்தலை ஏதாவது கையில் கிடைத்தால், படத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தில் இருக்கும் நாட்டின் பெயரைப் பாருங்கள். ‘ஸ்லொவென்ஸ்கோ’ என்று அச்சிட்டிருக்கும். அந்த நாட்டு மக்கள் தங்கள் நாட்டைத் தங்கள் மொழியில் அழைக்கும் பெயர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆண்டுகளை விட்டுவிட்டால், செக்கோஸ்லோவாக்கியா பிரிந்து ஸ்லோவாக்கியா தனி நாடான 1993க்கு முன் அந்தப் பெயர் தனியாக நின்ற தபால்தலை கிடையாது. அந்தப் பெயரை எந்த மொழியில், எந்த எழுத்துகளால் எழுதுவது என்பதே ஒரு காலத்தில் தீராத வழக்காக இருந்தது. அந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர்களைத்தான் ஸ்லோவாக்கியர்கள் தேசிய மறுமலர்ச்சியாளர்கள் என்று அழைக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இவர்களின் முகங்கள் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் யார் இவர்கள், ஏன் ஒருவராக இல்லாமல் கூட்டமாக நினைக்கப்படுகிறார்கள் என்பது தெரியாமல் பார்த்தால், தாடி வைத்த சில பாதிரியார்கள் மட்டும்தான் தெரிவார்கள்.

முதலில் ஒரு சொல். ஸ்லோவாக் மொழியில் இவர்களுக்கு ‘புதித்தேல்’ என்று பெயர். ‘எழுப்புகிறவர்’ என்று பொருள். அலாரம் கடிகாரத்துக்கும் இதே வேரிலிருந்து வந்த ‘புதீக்’ என்ற சொல்தான். அழகான சொல், ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எழுப்புவது என்றால் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஆகிவிடுகிறது. ஸ்லோவாக் பேசிய மக்கள் தூங்கவில்லை. வயலில் உழுதார்கள், சுரங்கத்தில் இறங்கினார்கள், மலைச்சரிவில் ஆடு மேய்த்தார்கள், தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார்கள். மொழி நன்றாகவே உயிரோடு இருந்தது. இல்லாமல் இருந்தது, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் எழுத்து வடிவம். ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்கில் மாறிவிடும். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

தீர்மானிக்க அவர்களுக்கென்று ஓர் அரசு இருக்கவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்லோவாக்கியர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஹங்கேரி அரசுக்குள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று அரசர் இல்லை, படை இல்லை, எல்லைக்கோடும் இல்லை. அலுவல் மொழியாக நெடுங்காலம் லத்தீன் இருந்தது. 1844இல் அந்த இடத்துக்கு ஹங்கேரிய மொழி சட்டப்படி வந்தது. லத்தீன் யாருடைய தாய்மொழியும் அல்ல என்பதால் அதனால் யாரும் சிறுமைப்படவில்லை. ஹங்கேரிய மொழி அப்படியல்ல. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அதுவே என்று ஆகிவிட்டால், எழுத்து வடிவமே இல்லாத மொழி எங்கே போய் நிற்கும்? அந்த அச்சம்தான் இந்தக் கதையின் பின்னால் இருக்கிறது.

கத்தோலிக்கர்களுக்கும் லூத்தரன் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான பிளவு வேறு. லூத்தரன் சபையினர் 16ஆம் நூற்றாண்டில் செக் மொழியில் வந்த கிராலிட்சே பைபிளை வாசித்தார்கள். அந்தச் செக் நடையே அவர்களுக்கு வழிபாட்டின் மொழி, படிப்பின் மொழி. கத்தோலிக்கர்களுக்கு அந்தப் பற்று இல்லை.

முதல் அடியை வைத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவர் பெயர் அன்டன் பெர்னோலாக். 1787இல், அவருக்கு 25 வயதுகூட நிரம்பாத பருவத்தில், ஸ்லோவாக் மொழியின் எழுத்துகளைப் பற்றிய ஆய்வு நூலை லத்தீனில் வெளியிட்டார். 1790இல் இலக்கணம் வந்தது. மேற்கு ஸ்லோவாக்கியாவின் படித்தவர்கள் பேசிய நடையை அடிப்படையாகக் கொண்டார். 1792இல் டிர்னாவா நகரத்தில் அவரும் நண்பர்களும் ஒரு கற்றோர் சங்கம் தொடங்கி, புத்தகங்கள் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவருடைய பெரிய அகராதி, ஸ்லோவாக் சொல்லுக்குச் செக், லத்தீன், ஜெர்மன், ஹங்கேரிய மொழிகளில் பொருள் சொல்வது. அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1813இல் அவர் இறந்தார். அகராதி 1825க்கும் 1827க்கும் இடையில் வெளிவந்தது.

பெர்னோலாக் பிறந்த ஸ்லானிட்சா கிராமம் இன்று நிலத்தில் இல்லை. ஒராவா அணை கட்டியபோது நீரில் மூழ்கிவிட்டது. மேட்டில் இருந்த தேவாலயம் மட்டும் ஏரி நடுவே ஒரு தீவில் நிற்கிறது.

அடுத்து வந்தவர்கள் வேறு திசையில் போனார்கள். யான் கொலார், பாவெல் யோசெஃப் ஷஃபாரிக் இருவரும் லூத்தரன் மரபினர். ஸ்லாவ் இனத்தார் அனைவரும் ஒரே குடும்பம், அதில் செக் மக்களும் ஸ்லோவாக்கியர்களும் ஒரே எழுத்து மொழியில் நிற்க வேண்டும் என்பது கொலாரின் உறுதியான நம்பிக்கை. சிறிய மக்கள் தனித்தனியாகப் பிரிந்தால் பெரிய அரசுகள் விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவதாக வந்த தலைமுறைதான் பெரும்பாலும் தபால்தலைகளில் பார்ப்பது. அதன் நடுவில் இருப்பவர் லுதோவீத் ஷ்டூர். 1815 அக்டோபர் 28 அன்று உஹ்ரோவெட்ஸ் என்ற ஊரில், ஆசிரியரின் வீட்டில் பிறந்தவர். (அதே வீட்டில் 1921இல் பிறந்த இன்னொருவர் அலெக்சாண்டர் துப்செக், 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எழுந்த ‘பிராக் வசந்தம்’ என்ற சீர்திருத்த முயற்சியின் தலைவர். ஒரே கூரைக்குக் கீழே இப்படி இருவர்!) ஷ்டூர் படித்ததும் பிறகு கற்பித்ததும் அன்று பிரெஸ்பர்க் என்று அழைக்கப்பட்ட பிராட்டிஸ்லாவாவின் லூத்தரன் உயர்பள்ளியில். 1836 ஏப்ரல் 24 அன்று அவரும் தோழர்களும் டான்யூப் கரையில் உள்ள தெவீன் கோட்டை இடிபாடுகளுக்கு நடந்துபோய், பழைய ஸ்லாவ் அரசை நினைத்துப் பாடல்கள் பாடி, ஆளுக்கொரு ஸ்லாவ் பெயர் சூட்டிக்கொண்டார்கள். யோசெஃப் ஹுர்பன் அன்றிலிருந்து யோசெஃப் மிலொஸ்லாவ் ஹுர்பன். கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரை ஹுர்பன் சாகும்வரை சுமந்தார்.

இனி வருவது, என் பார்வையில், இந்தக் கதையின் உயிர்நிலை. 1843 ஜூலை. ஹ்லபோகே என்ற சிற்றூரில் ஹுர்பன் பாதிரியாராக இருக்கிறார். அவருடைய வீட்டில் ஷ்டூரும் மிஹல் மிலொஸ்லாவ் ஹொட்ஜாவும் சில நாள் தங்குகிறார்கள். ஷ்டூருக்கு 27 வயது, ஹுர்பனுக்கு 26, ஹொட்ஜாவுக்கு 31. மூவரும் லூத்தரன்கள். தங்கள் சபை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போற்றிவந்த செக் எழுத்து மொழியை விட்டுவிட்டு, மத்திய ஸ்லோவாக்கியாவின் பேச்சை எழுத்து மொழியாக்குவது என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். அத்தோடு நிற்கவில்லை. ஜூலை 17 அன்று தோப்ரா வோதா என்ற ஊருக்குப் போகிறார்கள். அங்கே யான் ஹொலீ இருக்கிறார். கத்தோலிக்கப் பாதிரியார், 58 வயதுக் கவிஞர். பெர்னோலாக் வகுத்த மொழியில் காவியங்கள் எழுதி அதை உச்சிக்குக் கொண்டுபோனவர். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் இருந்த மதுனீட்சே ஊரில் தீ பிடித்து, அவர் உடல் வெந்து, கண்ணும் கெட்டு, நண்பரின் வீட்டில் அடைக்கலமாகியிருந்தார். அந்த மனிதரிடம் போய், ‘நீங்கள் வாழ்நாளெல்லாம் எழுதிய மொழி வடிவத்தை விட்டு வேறொன்றை எடுக்கப்போகிறோம்’ என்று மூன்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஹொலீ அவர்களை வாழ்த்தி அனுப்பினார்.

இதை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தன் உழைப்பு பழசாகப் போகிறது என்று அறிந்தும் வாழ்த்துகிற ஒரு மனது எவ்வளவு பெரியது! ‘தலைமுறை’ என்ற சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

கொலார் வாழ்த்தவில்லை. 1846இல், செக் மக்களும் ஸ்லோவாக்கியர்களும் எழுத்து மொழியில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கருத்துகளைத் திரட்டி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அதே 1846இல்தான் ஷ்டூரின் இலக்கணமும் வந்தது. ஆகவே ‘மூன்று தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுத்தன’ என்று பள்ளிப் புத்தகம்போல நேர்க்கோட்டில் சொல்வது சரியாகாது. அவர்கள் தங்களுக்குள் சண்டையும் போட்டார்கள்.

இடையில் நடந்தவை வேகமானவை. 1843 முடிவில் ஷ்டூரைக் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அதை எதிர்த்து 1844 மார்ச்சில் மாணவர்கள் பலர் பள்ளியை விட்டே வெளியேறி லெவோச்சா நகரத்துக்குப் போனார்கள். அந்த நாள்களில் மாணவர் யான்கோ மதூஷ்கா ஒரு நாட்டுப்பாடலின் மெட்டில், தத்ரா மலைமேல் மின்னல் வெட்டுவதைப் பாடினார். அதுதான் இன்று ஸ்லோவாக்கியாவின் தேசிய கீதம். 1845 ஆகஸ்ட் 1 அன்று, பல முறை அனுமதி கேட்டுக் காத்திருந்த பிறகு, ஷ்டூரின் செய்தித்தாள் புதிய மொழியில் வெளிவந்தது. 1848இல் புரட்சி. அரசியல் உரிமை கேட்டார்கள், ஆயுதம் ஏந்தினார்கள், ஹங்கேரியையும் ஆண்ட ஹப்ஸ்பர்க் பேரரசின் தலைநகரான வியன்னாவின் வாக்குறுதியை நம்பி ஏமாந்தார்கள்.

செய்தித்தாளின் பெயரை ஷ்டூர் எழுதியபடி படித்தால் ‘ஸ்லொவென்ஸ்க்யே நாரொத்ன்யே நொவினி’ என்று வரும். இன்றைய எழுத்தில் அது ‘ஸ்லொவென்ஸ்கே நாரொத்னே நொவினி’. சிறு வேறுபாடு, ஆனால் அதற்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. ஷ்டூர் காதில் விழுந்தபடியே எழுத விரும்பினார். செக் மொழியிலும் பிற ஸ்லாவ் மொழிகளிலும் மரபாக வந்த சில எழுத்துகளை நீக்கினார். பலருக்கு அது ஏற்கவில்லை. 1851 அக்டோபரில் பிராட்டிஸ்லாவாவில் கத்தோலிக்கத் தரப்பும் லூத்தரன் தரப்பும் உட்கார்ந்து பேசின. மார்ட்டின் ஹத்தலா என்ற கத்தோலிக்க இலக்கண ஆசிரியர் 1852இல் எழுதிய சிறு இலக்கணத்தில், நீக்கிய எழுத்துகள் பல திரும்பி வந்தன. ஷ்டூர் தன் எழுத்துமுறையை விட்டுக்கொடுத்தார். இன்று ஸ்லோவாக்கியர்கள் எழுதுவது ஷ்டூரின் மொழி, ஹத்தலாவின் எழுத்துமுறை. பெர்னோலாக் போட்ட அடித்தளம் இல்லையென்றால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. ஷ்டூர் ஒருவரின் முகத்தை மட்டும் போட்டு ‘மொழியைத் தந்தவர்’ என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

ஸ்லோவாக் மொழியே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஷ்டூரின் தலைமுறையை ‘ஷ்டூரொவ்ட்சி’ என்கிறார்கள். பெர்னோலாக்கின் தலைமுறை ‘பெர்னோலாகொவ்ட்சி’. குடும்பப் பெயரோடு இந்த விகுதியைச் சேர்த்தால் அந்த வீட்டார் அனைவரையும் குறிக்கும். நொவாக் வீட்டார் ‘நொவாகொவ்ட்சி’. ஆகவே ஷ்டூரொவ்ட்சி என்றால், கேட்கிற காதுக்கு, ஷ்டூரின் சீடர்கள் என்பதைவிட ஷ்டூர் வீட்டார் என்பதுபோல ஒலிக்கும். ஷ்டூர் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதை நினைத்தால் இந்தச் சொல் இன்னும் கனக்கிறது.

சரி, ஒரு வீட்டாரையே மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தாளில் எப்படிக் கொண்டுவருவது?

தபால்தலை வெளியிடுவது பெரும்பாலும் ஆண்டுநிறைவுகளை ஒட்டித்தான். ஒருவர் பிறந்து 200 ஆண்டு, ஒரு சங்கம் தொடங்கி 150 ஆண்டு என்று நாள் குறித்து, ஒவ்வோர் ஆண்டின் வெளியீட்டுத் திட்டத்தையும் முன்கூட்டியே வகுப்பார்கள். தனி மனிதருக்குப் பிறந்த நாள் உண்டு. தலைமுறைக்குப் பிறந்த நாள் கிடையாது. அதனால் ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெவீன் நடைப்பயணமோ, ஹ்லபோகே சந்திப்போ, செய்தித்தாளின் முதல் இதழோ. அல்லது நடுநாயகமான ஒருவரின் பிறந்தநாளில் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். 2015இல் ஷ்டூரின் 200ஆவது பிறந்த ஆண்டுக்கு ஸ்லோவாக்கியா நினைவாக இரண்டு யூரோ நாணயமும் வெளியிட்டது. யூரோவுக்கு முந்திய கொருனா நோட்டுகளில் 200இல் பெர்னோலாக், 500இல் ஷ்டூர் இருந்தார்கள். ஒரு கத்தோலிக்கரும் ஒரு லூத்தரனும் ஒரே பணப்பையில்.

அடுத்தது முகங்கள். ஷ்டூர், ஹுர்பன், ஹொட்ஜா மூவரையும் சேர்த்தே நினைப்பது வழக்கம். மூன்று முகங்கள் அந்த அளவில் அழகாக அடங்கும். அதற்கு மேல் போனால் எல்லாம் கடுகளவு ஆகிவிடும். அப்போது ஓவியர் குறிகளைத் தேடுவார். தெவீன் பாறை, செய்தித்தாளின் தலைப்பு, இறகுப் பேனா, கிரிவான் சிகரம். 1841 ஆகஸ்டில் ஷ்டூரும் தோழர்களும் ஏறிய அந்தக் கோணல் கொடுமுடிதான் இன்று ஸ்லோவாக்கியாவின் ஒன்று, இரண்டு, ஐந்து சென்ட் நாணயங்களில் இருக்கிறது.

முகமே இல்லாதவர்களும் இந்தத் தலைமுறையில் உண்டு. யான்கோ க்ரால் என்ற கவிஞர், அந்தக் கூட்டத்திலேயே கட்டுக்கடங்காதவர், 1848 புரட்சியில் சிறைப்பட்டவர். அவருடைய நம்பத்தக்க உருவப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1876இல் ஸ்லாட்டே மொராவ்ட்சே நகரத்தில் இறந்தார். புதைத்த இடமும் தெரியவில்லை. பிராட்டிஸ்லாவாவில் டான்யூப் கரையின் பெரிய பூங்காவுக்கு அவர் பெயர் வைத்து, சிலையும் வைத்திருக்கிறார்கள். சிற்பி தன் மனத்தில் கண்ட முகம் அது. இப்படிப்பட்டவரைத் தபால்தலையில் போடுவதானால் ஓவியரும் அதையேதான் செய்தாக வேண்டும்.

பெண்களின் முகமும் இல்லை. பள்ளி, பாதிரியார் வீடு, செய்தித்தாள் அலுவலகம் என்று இந்த இயக்கம் நடந்த இடங்கள் எல்லாம் ஆண்களின் இடங்கள். ஸ்லோவாக் பெண்களின் முதல் சங்கமான ‘ஜிவெனா’ 1869இல்தான் மார்ட்டின் நகரத்தில் தோன்றியது. ஆனால் ஷ்டூர் எழுதி வைத்த அந்த மத்திய ஸ்லோவாக் பேச்சை யார் வாயில் கேட்டு வளர்ந்தார்கள்? தாயும் பாட்டியும் இல்லாமல் அந்த இலக்கணத்துக்கு மூலம் எங்கிருந்து வந்தது? ஒரு தலைமுறையைப் பற்றிய தபால்தலையை வரையும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், கதை சொல்லும் ஒரு கிழவியை ஓரத்திலாவது உட்காரவைப்பேன்.

அச்சிடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஸ்லோவாக் தபால்தலைகளின் பெருமை அதில் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் தபால்தலையை 1918இல் பிராக் கோட்டையின் படத்தோடு வரைந்தவர் பெரும் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா. அங்கே தொடங்கிய மரபில் எஃகுச் செதுக்குக்குத் தனி இடம் உண்டு. செதுக்குநர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, எஃகுத் தகட்டில், தபால்தலையின் அதே சிறிய அளவில், படத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவார். முகத்தின் நிழலெல்லாம் மயிரிழைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் வரும். கோட்டுப் பள்ளங்களில் மை நிரம்பி, அழுத்தத்தில் தாள் அதை உறிஞ்சும். விரல் நுனியால் தடவினால் மை மேடு தட்டுப்படும். 2017இல் மறைந்த மார்ட்டின் சினொவ்ஸ்கி ஸ்லோவாக்கியாவில் இந்தக் கலையின் பெரிய கைகளுள் ஒருவர். தபால்தலையின் அடியோரத்தில் ஓவியர், செதுக்குநர் பெயர்களை மிகச் சிறிய எழுத்தில் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்வது நல்லது. தபால்தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு வரும் முதல்நாள் உறையும் கிடைத்தால் விடவேண்டாம். அதில் குத்தியிருக்கும் முத்திரையில் பெரும்பாலும் நிகழ்ச்சியோடு தொடர்புள்ள ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊரை வரைபடத்தில் தேடிப் பிடிப்பதில்தான் கதை தொடங்கும்.

அப்படித் தேடும்போது ஷ்டூரோவோ என்ற ஊரும் கண்ணில் படும். டான்யூப் கரையில், ஹங்கேரியின் எஸ்டெர்கோம் நகரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. பழைய பெயர் பார்க்கான். 1948இல் ஷ்டூரின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் இன்றும் ஹங்கேரிய மொழி பேசுபவர்கள். மொழி உரிமைக்காகப் போராடியவரின் பெயர், வேறொரு மொழி பேசும் ஊரின்மேல் அரசால் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தலைமுறையை மதிக்கும் எவருக்கும் இது உறுத்த வேண்டும், எனக்கு உறுத்துகிறது.

ஹப்ஸ்பர்க் பேரரசின் முதல் தபால்தலைகள் வந்தது 1850 ஜூன் 1 அன்று. ஷ்டூர் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு அண்ணன் இறந்துவிட, மோட்ரா ஊருக்குப் போய் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, போலீஸ் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்தார். 1855 டிசம்பரில் வேட்டைக்குப் போன இடத்தில் தன் துப்பாக்கியே தவறுதலாக வெடித்துக் காயப்பட்டு, 1856 ஜனவரி 12 அன்று, 40 வயதில் இறந்தார். அந்த ஐந்தரை ஆண்டுகளில் மோட்ராவிலிருந்து கடிதம் அனுப்பிய எவரும் உறையில் ஒட்டியது பேரரசின் இரட்டைத் தலைக் கழுகைத்தான். அதில் ஸ்லோவாக் மொழியின் ஒரு சொல்லும் இல்லை.